அழையாமல் வந்த கண்ணாடிப் பூ

மாமி,

சுண்ணாம்பு வாசம் இன்றைக்கும் கூடத்தை விட்டுப் போகவில்லை. உங்கள் டப்பாவில் மிச்சமிருந்தது ஓடுபோலக் காய்ந்துவிட்டதால், போன மாதம் புதிதாக வாங்க வெற்றிலைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மாமிதான் மவுத்தாயிட்டாகளே, நீங்க வெத்தல போட ஆரம்பிச்சிட்டீகளா?"

"மீன் தொட்டிக்கு" என்றேன்.

"மீனு வெத்தல போடுதா!"

நீங்களாக இருந்தால் அவருக்கு ஒரு பதில் கொடுத்திருப்பீர்கள். எனக்கு அந்த வாய் இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்தபோது அந்த வாசம் கிளம்பியது. உங்கள் தலையணையில் இருந்த வாசம். 

உங்கள் மகன் துபாயிலிருந்து விடுப்பில் வந்து அந்தத் தொட்டியை வைத்தபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட எடுக்கச் சட்டம் விடாது. அதனால் கடையிலேயே வளர்த்துப் பிரித்த பொத்தான் பவளத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். பச்சைச் சட்டைப் பொத்தான்களை நெருக்கி நட்டுவைத்ததுபோல இருக்கும். கடல் தண்ணீரும் வேண்டாம், பாக்கெட் உப்பைக் கலந்தால் போதும் என்றார். உங்களுக்குத் தாங்கவில்லை. "கடக்கரையில பொறந்தவன் புத்தியப் பாரு! உப்ப வெலைக்கு வாங்கிக் கடலு செய்யிறான்." அதற்கப்புறம் நான் மாதக் கணக்கு எழுத உட்காரும்போதெல்லாம், "இந்த மாசம் கடலு எம்புட்டு ஆச்சு புள்ள?" என்று கேட்காமல் விடமாட்டீர்கள். இப்போது கணக்கு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு ஆளில்லை.

இடுப்பெலும்பு முறிந்து நீங்கள் கட்டிலோடு ஆனபின், கட்டிலைத் தொட்டிப் பக்கம் நகர்த்திப் போட்டோம். அதை முதலில் கண்டது நீங்கள்தான்.

"புள்ள, இங்கன வா. கல்லுக்கு அடியில தென்னங்கன்னு மொளச்சிருக்கு."

குனிந்து பார்த்தேன். கண்ணாடிபோல ஒரு தண்டு, மேலே பழுப்பாக ஓலை விரித்ததுபோல இழைகள். அழகாகத்தான் இருந்தது. கல்லின் பொந்துக்குள் ஒட்டிக்கொண்டு கடையிலிருந்தே வந்திருக்கும். போனில் படம் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: அது பூ இல்லை, பூமாதிரி இருக்கிற பிராணி. கண்ணாடிப் பூ என்று நானே பேர் வைத்தேன். அதன் இழை பட்டால் பக்கத்தில் இருக்கிற பவளம் சொறிமீன் பட்டதுபோல வெந்து சுருங்கிவிடும். விட்டால் தொட்டி முழுக்கப் பரவும். எடுத்துவிட வேண்டும் என்று உங்களிடம் சொன்னேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "இருக்கட்டும் புள்ள. இந்த வீட்டுக்குத் தானா வந்தது அது ஒண்ணுதான்."

பிள்ளையில்லாத வீட்டில் அந்தச் சொல் எங்கே போய் விழும் என்று உங்களுக்குத் தெரியாதா? அடுப்படிக்குப் போய்விட்டேன். உங்கள் மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று மதினி ஒரு காலத்தில் பேச்செடுத்ததும், பெற்ற மகள் என்றும் பாராமல் நீங்கள் அவர் வாயை அன்றோடு அடைத்ததும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நீங்கள் என்னைக் குத்துவீர்களா? இல்லை, வெறுமனே பூவைத்தான் சொன்னீர்களா? கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

பிறகு மதினியே திருப்பாலைக்குடியிலிருந்து உங்களைப் பார்க்க வந்தார். பூவின் சங்கதியைக் கேட்டதும், "இதுக்குப் போயா ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீக? செதிலு ஒரசுற கத்தியக் கொண்டா" என்று கையைத் தொட்டிக்குள் விட்டு, நான் தடுப்பதற்குள் சுரண்டிவிட்டார்.

"ஏண்டி, வந்த எடத்துல ஒனக்குக் கத்திதான் கேக்குதா?" என்று கத்தினீர்கள்.

சுரண்டிய துணுக்கெல்லாம் தண்ணீரோடு ஓடி, விழுந்த இடத்தில் வேர் பிடித்தது. கொஞ்ச நாளில் கல்லுக்குக் கல் குட்டித் தென்னங்கன்று. பொந்துக்குள் அடித்தண்டு மிஞ்சியிருந்த பழையதும் மறுபடி தழைத்தது. "பாத்தியா, ஒன் மதினி வெதச்சிட்டுப் போயிருக்கா!" என்று இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தக் கூடத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். அதன்பின் தினமும் நீள இடுக்கியில் இறால் துணுக்கை வைத்து, படுத்தபடியே அந்தப் பழையதுக்கு ஊட்டினீர்கள்.

உங்களுக்கு நாற்பதாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் அவரவர் ஊருக்குப் போன பிறகு தொட்டிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. மீனுக்குத் தீனி போடுவதோடு சரி. ஒருநாள் உங்கள் மகன் வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பச்சை ஏன் மூடியே கெடக்கு? உனக்கும் ஏலல, தொட்டிய எடுத்துருவமா?"

அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். பொத்தான்கள் முக்கால்வாசி கருகி மூடிக் கிடந்தன. சுற்றிலும் கண்ணாடிப் பூக்கள்.

"வேணாம் மச்சான். நான் பாத்துக்கிறேன்."

ஒன்றை மட்டும் விட்டுவைத்தாலும் மறுபடி எல்லாம் வந்துவிடும். அந்தப் பழையதும் போகத்தான் வேண்டும். அது இருந்தால் பச்சை இல்லை.

சுண்ணாம்புக் குழம்பை விழுங்கினால் கண்ணாடிப் பூ கரைந்து செத்துவிடும் என்று போனில் படித்தேன். கடைசி நாட்களில் உங்களுக்குக் கஞ்சித் தண்ணீர் ஊட்டிய ஊசியில்லாத சிரிஞ்சில்தான் சுண்ணாம்பை ஏற்றினேன். தொட்டுவிட்டால் பொந்துக்குள் பதுங்கிவிடும். தொடாமல், வாய்க்கு நேரே மெல்ல வைக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைத்தால் தண்ணீர் கெட்டு மீனும் போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு நாலைந்துதான். ஒவ்வொரு தடவையும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் கையை உள்ளே விட்டேன். அதுவும் அவன் படைத்த உயிர்தானே.

உங்களுடையதைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். வேறெதுவும் மிச்சமில்லாத ஒரு நாள், மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து தொட்டி மோட்டாரை நிறுத்தினேன். சுண்ணாம்பு கலையாமல் இருக்கத் தண்ணீர் அசையக் கூடாது. தினமும் நிறுத்தியதுதான், ஆனால் அன்றைக்குத்தான் தெரிந்தது, இத்தனை நாளும் இந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது அந்த மோட்டார் சத்தம் மட்டும்தான். அதுவும் இல்லாத கூடத்தில், "மாமி, வைக்கட்டா?" என்று வாய்விட்டே கேட்டேன். இறாலை வாங்கிக்கொள்வதுபோலவே சுண்ணாம்பையும் வாங்கிக்கொண்டது. இழைகளை உள்ளே மடித்துக்கொண்டது. அது வெள்ளையாகக் கரையும்வரை அங்கேயே நின்றேன். அப்புறம் உங்களுக்காக யாசீன் ஓதினேன்.

பச்சை இப்போது திறந்துகொண்டு வருகிறது மாமி. எல்லாம் இல்லை, ஓரத்தில் இருந்தவை முதலில்.

நேற்றுக் காலை பின் கண்ணாடியோரம் நூல் கனத்தில் ஒரு குழாய், அதன் முனையில் நகத்தளவு விசிறி. பக்கத்தில் போனதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. "மாமி, இங்கன பாருங்க, புதுசா ஒண்ணு..." என்று திரும்பிவிட்டேன். கட்டில் இருந்த இடத்தில் வெயில் விழுந்து கிடந்தது.

பிறகு நானே போனில் தேடிப் பார்த்தேன். தண்ணீரில் வருகிற தூசியைத் தின்று பிழைக்கிற புழுவாம், எதையும் தீண்டாது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தத் தொட்டியில் எதைக் களையலாம், எதை விடலாம் என்று இப்போது எனக்கே தெரிகிறது. புதிதாக ஒன்றைக் கண்டால் உங்களைக் கூப்பிடுகிற இந்தப் பழக்கத்தை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அது கிடக்கட்டும் மாமி.