வரிசையைக் காட்டு

நாள் 31. காலை 09:10
காற்று, நீர், மின்சாரம் மூன்றும் சரி. பூமிக்கு இன்னும் 63 நாள். இதைப் படிப்பது யாரோ தெரியாது, விசாரணைக் கமிஷனாகக்கூட இருக்கலாம். அதனால் முறையாகவே சொல்கிறேன். நான் ரெக்சலின். இந்தக் கப்பலின் மென்பொருள் என் பொறுப்பு. உடன் வருபவர் ஆல்வின், பாறை ஆய்வாளர், என் கணவர். குறுங்கோளில் பாறை சரிந்து அவருடைய விலா எலும்புகள் நொறுங்கின. இங்கே அறுவை செய்ய ஆளில்லை. குளிர்பெட்டியில் உறங்க வைத்து ஊருக்குக் கொண்டுபோகிறேன்.

உறக்கத்தில் மூளை கெடாமலிருக்க நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் மருந்து. ஒவ்வொரு வேளைக்கும் ஓர் உத்தரவு, நேரம் குறிக்கப்பட்டு, கணினியில் வரிசையாக நிற்கிறது. முன்னால் நிற்கும் உத்தரவின் நேரம் வந்ததும் பம்ப் அதை எடுத்து மருந்தைச் செலுத்தும். இன்று காலை வேளை ஒன்பது நிமிடம் தாமதமானது. குழாயில் காற்றுக்குமிழி. தானாகவே சரியாகிவிட்டது.

நாள் 31. மாலை 15:40
தானாகச் சரியானது தானாகவே கெடும். பதினாறு வருடம் புரோகிராம் எழுதியவள் சொல்கிறேன். வரிசையைக் கண்ணால் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர் ‘காட்டு’. ஓட்டினால், வரிசையில் முன்னால் நிற்கும் உத்தரவைத் திரையில் அச்சிடும். முதலில் பார்க்கச் சகிக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, நடுவில் நேரம் பதினாறு இலக்க எண்ணாக வழிந்தது. அந்த எண்ணை வெட்டி எறிந்தேன். இப்போது லட்சணமாக மூன்றே வரி: மருந்து, அளவு, வரிசையில் மொத்தம் எத்தனை. மொத்தம் 377. ஆறு தடவை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி.

நாள் 33. காலை 10:25
பூமியிலிருந்து செய்தி. ராபியா. என் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள், இப்போது கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறாள்.

“ரெக்சி, ஒம் மாப்பிள்ள நல்லா தூங்குதாரு. நீ தூங்குதியா? கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு. ஒழுங்கா சாப்பிட்டுட்டுப் படு.”

எளிதாகச் சொல்லிவிட்டாள். அவள் மாப்பிள்ளை வீட்டு சோபாவில் தூங்குகிறார். ‘காட்டு’ ஓட்டினேன். மருந்து சரி, அளவு சரி, மொத்தம் 377. ஒன்றும் தொலைந்துபோகவில்லை.

நாள் 35. காலை 11:00
மூளை அலை நான்கு சதவீதம் இறங்கியிருக்கிறது. ஏன்? மணிக்கொரு தரம் வரிசையைப் பார்க்கிறேன், உத்தரவு அங்கேயே நிற்கிறது. அப்படியென்றால் பம்ப்தான். மூன்று மணி நேரம் பிரித்துப் போட்டுத் துடைத்தேன். உள்ளே தூசி தும்பு இல்லை. சனியன், ஏதாவது உடைந்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நாள் 37. மாலை 16:15
பதினொரு சதவீதம். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் பெட்டியிடம் போகத் தோன்றுகிறது. ஆல்வினின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. திரைதான் கதி.

‘காட்டு’ பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தானாக ஓடும்படி வைத்துவிட்டேன். நான் கண்ணயர்ந்தாலும் கண்காணிப்பு நிற்காது. அந்த புரோகிராமை ராபியாவுக்கும் அனுப்பினேன். அவளும் பார்க்கட்டும், நாலு கண் நல்லதுதானே.

நாள் 38. காலை 08:20
தூங்கிவிட்டேன். ஆறு மணி நேரம். பாவி நான்.

முப்பத்தெட்டு சதவீதம் இறங்கிவிட்டது. மருந்துக் குப்பியைக் கழற்றிப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் நாள் இருந்த கோட்டிலேயே நிற்கிறது. ஏழு நாளாக ஒரு சொட்டுகூட இறங்கவில்லை! பம்ப் நன்றாக இருக்கிறது, உத்தரவுகள் இருக்கின்றன, பிறகு எந்தப் பேய் மறிக்கிறது? கையாலேயே ஊசி போட்டேன். இரண்டு தடவை நரம்பு தவறியது.

நாள் 38. காலை 09:05
ராபியா. அப்படியே பதிகிறேன்.

“ரெக்சி, அந்தக் ‘காட்டு’வ ஒடனே நிறுத்து. அது முன்னால நிக்க உத்தரவ எடுத்து அச்சடிச்சிட்டு, திரும்ப வைக்கும்போது கடைசில கொண்டு வைக்குது. நீ நகல் எடுத்துப் பாக்கல, உள்ளதையே எடுத்துப் பாத்திருக்க. ரேசன் கடையில முன்னால நிக்கவன கூப்பிட்டு, பேரக் கேட்டுட்டு, போய்க் கடைசில நில்லுன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான். நீ ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் ஒரு வேள மருந்து பின்னால போயிட்டு. இப்ப முன்னால நிக்கது அடுத்த மாசத்து உத்தரவு. அதுக்கு நேரம் வரட்டும்னு பம்ப் சும்மா காத்துக் கெடக்கு. ரெக்சி… வேற கோளாறே கெடையாது. மூணு தடவ தேடிட்டேன்.”

நாள் 38. காலை 09:30
நிறுத்திவிட்டேன். வரிசையை ஒழுங்குபடுத்திவிட்டேன். இனி என்ன பிரயோசனம்?

கமிஷனுக்கு: புரோகிராமை அழிக்கவில்லை, அப்படியே இருக்கிறது. குமிழியின் குற்றம் ஒன்பது நிமிடம். மீதி ஏழு நாளும் என் குற்றம். நேரத்தை வெட்டாமல் விட்டிருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். திரை அழகாக இருக்க வேண்டுமென்று வெட்டினேன். மருந்து இறங்க இறங்கக் குறைய வேண்டிய 377 குறையாமல் நின்றது. அதைப் பார்த்து நிம்மதிப்பட்டேன். ‘காட்டு’ ஓடியது இருநூற்றுப் பதினொரு தடவை. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்த வேலி நான்தான்.

நாள் 38. மதியம் 13:10
மருத்துவரின் செய்தி: “இனிமே தூங்க விடாதீங்கம்மா. எழுப்புங்க. அவர் பேசினாத்தான் என்ன மிச்சம் இருக்குன்னு தெரியும்.”

சூடேற்றத் தொடங்கினேன். நான்கு மணி நேரம் ஆகும். திரையின் மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறேன். நடக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன். கர்த்தரே, என்னைத் திட்டவாவது எழுந்து வரட்டும்.

நாள் 38. மாலை 17:50
கண் திறந்தார். வலிக்கிறது என்றார். தண்ணீர் கேட்டார். குடித்தார். நான் அழுதேன்.

“சிஸ்டர், இது எந்த ஆஸ்பத்திரி?”

ஆல்வின், நான் ரெக்சி என்றேன். மரியாதையாகச் சிரித்தார். புது ஆட்களைப் பார்த்தால் சிரிக்கும் சிரிப்பு அது.

“ரெக்சி எம் பொண்டாட்டி. வெளியதான் நிப்பா. அவள கொஞ்சம் உள்ள விடுங்க சிஸ்டர். என்னப் பாக்காம அவளுக்கு இருப்புக் கொள்ளாது.”

சரி என்றேன். வெளியே போனேன். முகத்தைக் கழுவினேன். முடியைச் சரிசெய்துகொண்டு, அவருக்குப் பிடித்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே வந்தேன்.

“என்ன சிஸ்டர், அவ வரலியா?”