ரெண்டு பேரும் கொடுத்த ரத்தம்

கார்த்திகா அப்பாவுக்கு,

நீங்க கூமாப்பட்டித் தோப்புக்குப் போயி ஒம்பது நாளாச்சு. ஃபோனை எடுக்க மாட்டேங்கிறீக. அங்க என்னத்தச் சாப்பிடுறீகளோ.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆராய்ச்சிக்குன்னு ரெண்டு பேருந்தான் ரத்தம் கொடுத்தோம். நுரையீரல் புற்றுநோயை முன்னாடியே காட்டுற புரதம் என் ரத்தத்துல கூடியிருந்துச்சு. ஸ்கேன்ல பட்டாணி அளவு கட்டி. "முப்பது வருசமா பீடி குடிச்சவன் நானு, கட்டி உனக்கா"ன்னு அழுதுட்டுப் போனீக.

"அப்பா பீடியாலயா?"ன்னு மகளும் டாக்டரம்மாகிட்டக் கேட்டா. "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. சீக்கிரமே தெரிஞ்சிருச்சு, எடுத்துட்டா குணமாக நல்ல வாய்ப்பிருக்கு"ன்னாக.

வெள்ளிக்கிழமை மதுரையில ஆபரேஷன். கையெழுத்துப் போட மக இருக்கா. ஆனா எனக்குப் பயமா இருக்குங்க. மயக்க ஊசி போடுறவரைக்கும் நீங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.

உங்க வீட்டுக்காரி