சொந்த வண்டி என்று அனுப்பிய படம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. கதவைத்தான் வெளியிலிருந்து பூட்டுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. அது திருட்டு வண்டியாம். சாவி கொடுத்த முதலாளியே, "இந்த ஆளு யாருன்னே தெரியாது" என்றுவிட்டார். நான் வெறும் டிரைவர் என்றேன். அதிகாரி என் போனைக் காட்டினார். வேனில் சாய்ந்து நிற்கும் படத்தோடு, "அப்பா, நம்ம சொந்த வண்டி" என்று உங்களுக்கு அனுப்பியிருந்தேனே, அது. உங்களிடம் சும்மா சொன்ன பொய் என்றேன்.

"பெத்த அப்பாகிட்டயா பொய் சொன்ன?"

ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை.

முதலாளி கையெழுத்திட்ட வேலைக் கடிதம் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. உங்களிடம் காட்ட வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நீங்களே எடுத்து வக்கீலுக்கு அனுப்புங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள். எனக்கும் நாலு வரி எழுதுங்கள், திட்டியாவது.

காவலர் பேனாவைக் கேட்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மகன், டிரைவர்.