'காரணம்' என்ற கட்டத்திலிருந்து ஜக்கம்மாளை நீக்கக் கோரி

அனுப்புநர்:
வீ. மாரிச்செல்வம் (தையல் தொழில்),
த/பெ வீரணன்,
கிழக்குத் தெரு, பரளச்சி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: மகனின் தலை அறுவை சிகிச்சை உதவி – விண்ணப்பத்தில் நான் சொன்ன தவறான காரணத்தை நீக்கி, ஒப்புதல் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் ராஜகுரு 02.11.2024 அன்று பிறந்தான். அவன் தலை பக்கவாட்டில் வளராமல் முன்னும் பின்னுமாக நீண்டு வருகிறது. மற்றபடி நன்றாகச் சிரிக்கிறான்.

2. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, தலையை உருட்டிவிடுபவர் திருமதி ஜக்கம்மாள், வயது 61. என் தலையும் அவர் உருட்டியதே. அதில் இதுவரை புகார் இல்லை. குழந்தையின் இருபத்திரண்டாம் நாள் அவர் என்னிடம், "தம்பி, பிள்ளை உச்சியில வரப்பு கணக்கா எலும்பு ஏறி நிக்குது. எத்தன தலையத் தொட்ட கை, இது சரியாப் படல. டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டிருங்க" என்றார். இவரே அமுக்கிக் கெடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார் என்று நான் முடிவு செய்து, நாளை முதல் வர வேண்டாம் என்றேன். அத்துடன் நிற்காமல் தெருவிலும் சொன்னேன்.

3. தடுப்பூசிக்குப் போனபோதெல்லாம் தலையின் சுற்றளவை அளந்து சரி என்றார்கள். நானும் என் டேப்பால் அளந்தேன், சரியாகவே இருந்தது. சுற்றளவு சரியாக இருந்தும் அகலம் குறையலாம் என்பது இருபது வருடமாகத் துணி வெட்டும் எனக்கே தோன்றவில்லை. இப்படி ஐந்து மாதம் போனது.

4. தலை நீள்வது கண்ணுக்கே தெரிந்ததால், கடந்த மே மாதம் மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். மூளை வளர இடம் கொடுக்க மண்டை எலும்புகளுக்கு நடுவே இணைப்புகள் இருக்குமாம். வளரும் பிள்ளையின் சட்டையில் உள்ளே துணி மடித்துவிட்டுத் தைப்பதைப் போன்ற ஏற்பாடு. இவனுக்கு நடு உச்சி இணைப்பு முன்னதாகவே ஒட்டிவிட்டது. என் மனைவி சத்யபிரியாவிடம் தைராய்டு உண்டா, கர்ப்பத்தில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டீர்களா, குடும்பத்தில் யாருக்கும் இப்படி உண்டா என்று மருத்துவர் கேட்டார். எதுவும் இல்லை. ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம் வரும், பெரும்பாலும் காரணம் தெரியாது, கையால் உருட்டுவதால் எலும்பு ஒட்டாது என்று அவர் சொன்னார். ஒரு வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று 28.08.2025-ஐக் குறித்தார்.

5. இதெல்லாம் தெரிந்த பிறகும், உதவி விண்ணப்பம் பதியும் இடத்தில் இருந்தவர் 'காரணம்' என்ற கட்டத்தைக் காட்டி, "தெரியாதுன்னு போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது, ஏதாச்சும் சொல்லுங்க" என்றதும், குளிப்பாட்டியவர் அமுக்கியதாக ஊரில் பேச்சு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சைத் தொடங்கியவன் நான் என்பதை அங்கு தெரிவிக்கவில்லை. கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. இது பிறரால் ஏற்பட்ட காயம் என்றும், காவல் நிலைய அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது என்றும் இப்போது சொல்கிறார்கள்.

6. செய்தி கேட்டு, எட்டு மாதமாக எங்கள் வாசலை மிதிக்காத ஜக்கம்மாள் ஆதார் அட்டையுடன் வந்தார். "ஸ்டேஷனுக்கு நானே வாரேன். அமுக்குனேன்னு எழுதிக்கிடட்டும். பிள்ளைக்கு நாளு போகுதுல்ல" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இம்மனுவை எழுதுகிறேன். என் பேச்சுக்குப் பின் ஊரில் யாரும் அவரைக் குளிப்பாட்டக் கூப்பிடுவதில்லை. இப்போது குழந்தைகளைச் செல்போன் பார்த்துக் குளிப்பாட்டுகிறார்கள்.

7. ஆகவே, அந்த வரியை நீக்கி, காவல் அறிக்கை கேட்காமல், 28-ஆம் தேதிக்குள் ஒப்புதல் கிடைக்க ஆவன செய்யும்படி வேண்டுகிறேன். முடிந்தால் அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்பதையும் சேர்க்கலாம். யார் மீதாவது குற்றம் எழுதியே ஆக வேண்டுமென்றால், ஐந்து மாதம் தாமதித்தவன் என்று என் பெயரை எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

கீழே உள்ள கைரேகை ஜக்கம்மாளுடையது; அவர் வீட்டுக்குப் போய் வாங்கினேன். அது ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. உச்சியில் எலும்பு ஏறியதை முதலில் சொன்னவர் அவர் என்பதற்கான சாட்சி. சிகிச்சை முடிந்து தையல் ஆறியதும் முதல் தலைக்குளியலுக்குப் பிள்ளையை அவரிடமே தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

இடம்: பரளச்சி
நாள்: 11.08.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
வீ. மாரிச்செல்வம்

இடது பெருவிரல் ரேகை: ஜக்கம்மாள்

இணைப்பு: ஸ்கேன் அறிக்கை நகல், மருத்துவர் குறிப்பு நகல்.