தக்காளி இலையோரத்துத் துளிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி நலமா என்று கேட்கமாட்டேன். அது நலமாக இருந்தால் நீ நலமாக இருக்க முடியாது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் எனக்கென்று ஒரு பாத்தி கொடுத்தார்கள். நாற்று பிழைத்தால் எனக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். நட்ட மறுநாளே எல்லாம் தலை தொங்கிவிட்டன. பிள்ளை வாடினால் ஊட்டிக்கொண்டே இருப்பாயே, அந்த வைத்தியம்தான் எனக்கும் தெரியும். காலை, மாலை, இடையிலும் தண்ணீர் ஊற்றினேன்.

மேற்பார்வையாளர் வந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தக்காளி நட்டியா, நெல்லு நட்டியா? வேருக்கு மூச்சு முட்டினா அது எப்படிய்யா தண்ணிய இழுக்கும்? குழாய மூடிட்டு சும்மா இரு."

குழாயை மூடினேன். சும்மா இருப்பது இவ்வளவு கடினம் என்று தெரிந்திருந்தால் சம்பளம் கூட்டிக் கேட்டிருப்பேன்.

இன்று வெயிலுக்கு முன் போனால் செடிகள் நிமிர்ந்து நிற்கின்றன, இலையோரமெல்லாம் நீர்த்துளி. பக்கத்துப் பாத்திக்காரன் திருட்டுத்தனமாகத் தெளித்துவிட்டான் என்று சண்டைக்குப் போனேன். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார்.

"அவன் தெளிக்கலப்பா. ராத்திரியெல்லாம் வேர் உறிஞ்சி மேல தள்ளின தண்ணி, மிச்சம் இலை வழியா கசியுது. செடி பொழச்சிருச்சு. நீயும்தான்."

யாராவது இங்கே வந்தால் என் பழைய தலையணை உறையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். போனில் "சாப்பிட்டியா" என்று திரும்பத் திரும்பக் கேட்பாயே, அதை மட்டும் குறைத்துவிடாதே. எனக்கு அதில் மூச்சு முட்டாது.

எங்களை அறைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரர் ஹார்ன் அடிக்கிறார்.

உன் மகன்