மல்லித்தூள் பாக்கெட் எழுத்து

5 ஜூன் 1983, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். துணி துவைத்தேன். மல்லிகாவின் பாவாடையும். உடுத்த ஆள் இல்லை, இருந்தாலும் வாரா வாரம் துவைக்கிறேன்.

நானாவின் மளிகைக் கடைக்குப் போனேன். மல்லித்தூள் பாக்கெட் மாறிவிட்டது. பழையது கொஞ்சம்தான் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். கடைக்குப் புதிதாக வந்த ஆள் கேட்டான்:

“என்னாக்கா இம்புட்டுத் தூளு? மகளுக்குக் கல்யாணமா? சொல்லவே இல்லலா.”

நானா அவனை முறைத்தார். “போய் அரிசிய நிறுடா.”

பழைய பாக்கெட்டில் இருப்பது என் மகள் மல்லிகா வரைந்த எழுத்து. ஈப்போ டவுனில் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பாக்கெட், டின், கலண்டர், எல்லாவற்றுக்கும் எழுத்து வரைவாள். கீழே அவள் பேர் போட மாட்டார்கள். எனக்கு மட்டும் காட்டுவாள். காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது எழுத்தும் போகிறது.

7 ஜூன், செவ்வாய்

வெயில். கால் வீக்கம்.

அடுத்த மாதம் வருஷத் திதி. அதற்குள் சமாதி கட்ட வேண்டும். இவர் சனிக்கிழமை சீனர் கடையில் கல் சொல்லப் போகிறாராம். கடை எழுத்து. எல்லார் கல்லிலும் அதே எழுத்துதான். எனக்கு மனசில்லை. அவள் எழுத்திலேயே அவள் பேர் இருக்கட்டும்.

மல்லி, இந்தப் பாக்கெட்டிலேயே இருக்கிறது. கா, மிளகாய்த்தூள் பாக்கெட்டில்.

ரப்பரில் வெட்டி ஈரச் சிமெண்டில் அழுத்தினால் பதியும். வாங்கியது: புது ரப்பர் சிலிப்பர், பேனாக்கத்தி, உப்பு.

9 ஜூன், வியாழன்

மழை. ம வெட்டி ரொட்டி மாவில் அழுத்திப் பார்த்தேன். இடம் வலம் மாறி நிற்கிறது. அவள் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். தாளில் எண்ணெய் தடவி, எழுத்து மறுபக்கம் தெரியத் திருப்பி வைத்து, மறுபடி முதலிலிருந்து.

கத்தியைப் பிடித்தால் ரப்பர்த் தோட்டத்துக் கை தானாக வருகிறது. பால் மரம் சீவுகிற மாதிரி, ஆழம் போகாமல். ஆனால் லி சரியாக வரவில்லை. அவள் போடும் சுழி கடைசியில் கொஞ்சம் எக்கிப் பார்க்கும். எனக்குச் சாய்ந்துகொண்டு போகிறது.

10 ஜூன், வெள்ளி

இவர் பார்த்துவிட்டார்.

“செருப்ப வெட்டியா புள்ள பேரு எழுதுவ? நாலு பேரு காறித் துப்புவான்.”

“புதுசு. கால் படல.”

“செருப்பு செருப்புதான்லா.”

“ரப்பர்தான நமக்குச் சோறு போட்டுச்சி?”

தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனார். சாம்பார் வீண்.

11 ஜூன், சனி

கல் கடைக்குக் கிளம்பினார். சட்டை போட்டுக்கொண்டே கேட்டார், “அந்தக் குப்ப பாக்கெட்ட ஏன் சேத்து வச்சிருக்க?”

“அந்த எழுத்து அவ வரஞ்சது.”

“எது?”

“அதுதான். மல்லித்தூளுன்னு இருக்கே.”

ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம்.

“இதுலதான தெனம் கறி ஆக்குன. ஏன் சொல்லல?”

“அவ என்னா வேல பாக்குறான்னு நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?”

சட்டையைக் கழற்றினார். முகத்தை அதிலேயே மூடிக்கொண்டார். கல் கடைக்குப் போகவில்லை.

நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

19 ஜூன், ஞாயிறு

பத்து காஜா ஊருக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம். எழுத்துப் பையை இவரே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தோட்டத்து இடுகாட்டில் புல் இடுப்பளவு. கொத்தனார் சிமெண்டு பூசி, “சுருக்கா வைங்கக்கா, இறுகிப் போயிரும்” என்றார்.

தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக அழுத்தினேன். ம. ல். லி. கா. ரப்பரை எடுத்தேன். நேராகவே பதிந்திருக்கிறது.

அவள் எழுத்து இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் வெட்டினேன், ஆனாலும் என் கைதான் தெரிகிறது. அவள் கை எதிலும் வராது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவர் குனிந்து கா மேல் விரல் வைத்தார். எடுக்கவில்லை. ஓரம் அமுங்கிப் போனது.

“அண்ணே, கைய எடுங்க. நான் சரி பண்ணிர்றேன்” என்றார் கொத்தனார்.

வேண்டாம் என்றேன்.