ஒண்ணே முக்கால் மீட்டர்

உப்பளம், புதுச்சேரி
12 பிப்ரவரி 1959

என் கண்ணு பலராமனுக்கு, பாரீசுக் குளிர்ல உனக்கு ஒரு கெடுதலும் வராம அம்மன் காப்பாத்தணும்னு வேண்டிக்கிட்டு அம்மா எழுதறது. இங்க உங்கப்பா, நான், உன் தங்கச்சி தனக்கொடி மூணு பேரும் உடம்புக்கு நோவு இல்லாம இருக்கோம். மனசைப் பத்திக் கேக்காத, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி.

சர்வே படிப்புல ஆளுக்கொரு வீட்டுக்குப் படம் போட்டுக் குடுக்கணும், நான் நம்ம வீட்டையே போடறேன், அளந்து அனுப்பும்மான்னு நீ எழுதினது டிசம்பர் பத்தாம் தேதி கைக்கு வந்துச்சு. ரெண்டு மாசமா பதில் இல்லன்னு தவிச்சிருப்பே. அளக்காம இல்லப்பா, மறுநாளே அளந்துட்டோம். உங்கப்பா மில்லுக்குப் போன பிறகு தையக்காரர்கிட்ட நாடா வாங்கியாந்து, தனக்கொடி ஒரு முனையும் நான் ஒரு முனையுமா பிடிச்சுப் பார்த்தா, தெருப்பக்கம் சுவருக்குச் சுவர் பதினோரு மீட்டர். பழைய படத்தோட நகலும் கேட்டிருந்தியேன்னு நில அளவு ஆபீசுல குமாஸ்தாவா இருக்கற தொமினிக்கைப் போய்ப் பார்த்தேன், உங்கப்பாவோட படிச்சவர்தான். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெரிய புஸ்தகத்தைப் பிரிச்சு நம்ம மனை மேல விரலை வெச்சு ஒன்பதே கால்னு படிச்சார். இன்னொரு தரமும் படிச்சார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு, பக்கத்து மனையை அளந்து பாருங்கம்மா, அங்க ஒண்ணே முக்கால் குறையும்னு மெதுவாச் சொன்னார்.

பக்கத்து மனை செல்வா பெரியம்மாவோடது. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் சைகோன்ல வேலையா இருந்தப்பதான் உன் தாத்தா நடுச்சுவரை இடிச்சு அவங்க பக்கமாத் தள்ளிக் கட்டினாராம். வீட்டுக்காரர் அங்கயே போய்ச் சேர்ந்து, இவங்க மட்டும் தனியாத் திரும்பி வந்தப்ப சுவர்ல பாசி ஏறிடுச்சு, யார் போய் அளக்கறது. அந்த ஒண்ணே முக்கால் மீட்டர்ல என்னா இருக்குன்னு உனக்கே தெரியும். அதுக்கப்புறம் தாத்தா வெட்டின நம்ம கிணறு இருக்கு. நம்ம கிணறுன்னு எழுதவே கை கூசுது.

உங்கப்பாகிட்ட சொன்னேன். சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு, பையனுக்கு ஒன்பதே கால்னே எழுதிப் போடு, சுவரை இந்தப்பக்கமாத் தள்ளிக் கோடு இழுத்துக்கட்டும், பாரீசுல எவன் நாடா எடுத்துக்கிட்டு வந்து பாக்கப்போறான்னாரு. வில்லியனூர் மாப்பிள்ளை வீட்டார் தனக்கொடியைப் பொண்ணு பாக்க வந்தப்ப பையனோட அம்மா ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு, கடலுக்கு இவ்வளவு கிட்டத்துல இப்படி இனிக்கற கிணறான்னு வாயாரச் சொல்லிட்டுப் போனாங்க. வைகாசியில கல்யாணம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதன்னாரு. அப்புறம்னு கேட்டேன். அப்புறமுந்தான்னாரு. அவரைக் கெட்டவர்னு நினைக்காதப்பா. செத்துப்போன தகப்பனைத் திருடன்னு தெரு பேசும்னு அவருக்குப் பயம்.

அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள பூட்டி வெச்ச மாதிரி ஆயிட்டேன். காலையில செல்வா அக்கா குடத்தோட தெருமுனைக் குழாய்க்குப் போற நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்திடுவேன். மூணு நடை போவாங்க, மூணு தரமும் உள்ளறையில போய் நின்னுக்குவேன். பெரிய மார்க்கெட்டுக்குக்கூட அவங்க வாசலைத் தாண்டாம சுத்திக்கிட்டுப் போனேன். ராட்டினத்துல கயிறு இழுக்கறப்பெல்லாம் அடுத்தவங்க பெட்டியில கை வெச்சாப்பல இருக்கும். அளவுச் சீட்டை அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்தேன். பதினொண்ணுன்னு எழுதினா உங்கப்பாவுக்குத் துரோகம், ஒன்பதே கால்னா உனக்குத் துரோகம், எதையும் எழுத முடியாம எத்தனை நாள் உக்காந்திருப்பேன் சொல்லு.

தை மாசத்துல ரெண்டு நாள் குழாய்ல தண்ணி வரல. காலிக் குடத்தோட திரும்பி வந்துக்கிட்டிருந்த அக்காவைப் பார்க்க மனசு கேக்கல, உள்ள வந்து கிணத்துல எடுத்துக்குங்கன்னு கூப்பிட்டேன். ஒரு குடம் சேந்தி வெச்சுட்டு என் முகவாயைப் பிடிச்சு, உன் கை நல்லா இருக்கணும் அன்னக்கிளி, உன் பிள்ளை படிச்சு முன்னுக்கு வரணும்னாங்க. அவங்க தண்ணியை அவங்களுக்கே குடுத்துட்டு அந்த வாழ்த்தை வாங்கிக்க என்னால முடியல. கிணத்துக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க சத்தம் போடல. சுவரைப் பத்தியோ தாத்தாவைப் பத்தியோ ஒண்ணும் கேக்கல. உனக்கு எப்பலேருந்து தெரியும்னு மட்டும் கேட்டாங்க. கார்த்திகைக் கடைசியிலன்னேன். தெரியாம இருந்த வருஷமெல்லாம் போகட்டும், தெரிஞ்சும் இத்தனை நாள் என்னைக் குடத்தைத் தூக்கிக்கிட்டு நடக்க விட்டியேன்னாங்க. சேந்தின தண்ணியைத் திரும்பக் கிணத்துலயே கவுத்துட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் நடந்ததைச் சொன்னதுலேருந்து உங்கப்பா என்கிட்ட பேசறதில்ல, பதினெட்டு நாளாச்சு. தட்டைத் தனக்கொடிதான் கொண்டுபோய் வெக்கறா. இன்னும் நாலு மாசம் பொறுக்கக் கூடாதாம்மான்னு அவளும் அழுதா. அவ கேட்டதுல என்னா தப்பு. வில்லியனூருக்கு யார் போய்ச் சொல்றதுன்னு தெரியல, சொல்லாம இருக்கவும் முடியாது.

முந்தாநாள் செல்வா அக்கா வாசல்ல வந்து நின்னாங்க, படி ஏறல. சுவரை இப்பவே இடிக்கச் சொல்லல, வாய்ப்பேச்சும் எனக்கு வேணாம், எது யாருதுன்னு உன் பிள்ளை கையால எழுதிப் படம் போட்டு அனுப்பட்டும்னாங்க. படிக்கற பிள்ளை போடற படம் கோர்ட்டுல நிக்காதுன்னு தொமினிக் சொல்றார். நிக்காட்டி போவுது. அது இந்தத் தெருவுக்குள்ள கால் வெச்சா அடுப்புல போடுவேன்னு உங்கப்பா சுவரைப் பார்த்துச் சொன்னாரு.

வேளைக்குச் சாப்பிடு. கம்பளிச் சட்டையைக் கழட்டாத. பரீட்சைய நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காத. நீயும் உன் படிப்பும் குறைவில்லாம இருக்க அம்மாவோட ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. அளவுச் சீட்டு இதோட இருக்கு, பதினோரு மீட்டர்னுதான் எழுதியிருக்கேன், தொமினிக் புஸ்தகத்துல இருந்ததையும் பக்கத்துலயே எழுதியிருக்கேன். மறந்துடாத, படம் ரெண்டு போடணும். ஒண்ணு உன் வாத்தியாருக்கு. இன்னொண்ணு நம்ம வீட்டு விலாசத்துக்கு வேணாம், செல்வாம்பாள் பேர் போட்டுப் பக்கத்துக் கதவுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னக்கிளி